இரண்டு வீட்டுப் பில்

"ஒரு பேரை எழுதிக் குடுங்க தம்பி. ஒரே ஒரு பேரு. எனக்கு அது போதும்," என்றார் ராஜரத்தினம் அண்ணாச்சி.

தியாகராய நகரில் அந்த ஐந்து மாடிப் பட்டுக் கடை அவருடையது. அங்கே பில் போடும் மென்பொருள் எங்கள் நிறுவனத்துடையது. ஆவணி பிறந்ததிலிருந்து அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோய்க்கொண்டிருந்தது. ஒரு கவுண்டரில் நின்றால் பக்கத்துக் கவுண்டரில் போட்டுச் சமாளிக்கலாம். இது நின்றால் எல்லா மாடியிலும் எல்லாத் திரையும் ஒன்றாக வெளுத்துவிடும்.

"முகூர்த்தப் பொடவையக் கையில வச்சுக்கிட்டு நிக்காங்க. அவங்ககிட்டப் போயி மெஷின் செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்லுதீங்களா? நல்ல காரியத்துக்கு வந்தவங்க காதுல விழுற வார்த்தையா அது?"

"இல்லைங்க அண்ணாச்சி."

"நம்ம பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? மெஷின் தண்ணி குடிக்கப் போயிருக்குன்னு சொல்லணும். எத்தன தடவதான் தம்பி அது தண்ணி குடிக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"யாரு செஞ்ச தப்புன்னு எழுத்துல வேணும். அவன் கை பட்டது ஒண்ணும் இனி இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கப்படாது. பொருளா இருந்தாலும் சரி, ஆளா இருந்தாலும் சரி."

அவர் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பிரிவு. ஜெயபாரதி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மென்பொருளை எழுதியவன் அவள் கணவன் சித்தார்த்தன். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் சோளிங்கரிலிருந்து வந்தவன், அவன் சைதாப்பேட்டைக்காரன். பங்குனி மாதத்தில் ஒரு தண்ணீர் லாரி அவன் வண்டியை இடித்தது. காரியம் முடிந்த மறுவாரம் அண்ணாச்சி ஆள் அனுப்பி ஜெயபாரதியை வரவழைத்து, தன் கடையிலேயே வேலை கொடுத்தார். "அந்தப் பையன் வேலையில ஒரு பிசிறு பாத்ததில்ல. அவன் வீட்டம்மா நம்மகிட்டத்தான் இருக்கணும்" என்று கடை ஆட்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. இப்போது கேட்கப்படும் பெயர் சித்தார்த்தன் என்று வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் போனதிலிருந்து எனக்கு எதுவும் சரியாக எட்டவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல வேலைக்குப் போய்வந்தேன். கால் தரையில் படுவது கண்ணுக்குத் தெரியும், பட்டதாகத் தோன்றாது. அழுகை வரும் என்று சிலர் சொன்னார்கள். வரவில்லை. கே.கே. நகரிலிருந்து பஸ் ஏறினேன், இறங்கினேன், வேலை பார்த்தேன்.

எங்கள் அலுவலகம் மயிலாப்பூரில், சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடி. கீழே முதலாளி சுந்தரராமனின் குடும்பம் இருக்கிறது. அண்ணாச்சி சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் காபி டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"கூட்டம் தாங்கலை, அவ்வளவுதான். சர்வரை மாத்தினா சரியாப் போயிடும்."

"ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல ஒரு தடவைகூட விழலை சார். இப்ப அதுல பாதிக் கூட்டம்கூட இல்ல."

"அப்போ பழைய கோட்ல எங்கேயோ இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "டில்லி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே. அண்ணாச்சிக்கு ஒரு பேர்தானே வேணும்? சித்து பேரைப் போட்டுடு. அவனுக்கு இனிமே என்ன ஆகப்போறது? உயிரோட இருக்கறவா யார் பேராவது போட்டா, அவாளை அந்தக் கடைக்குள்ளயே விடமாட்டார். நாளைக்கு வேலை நடக்கணுமே."

"ஜெயபாரதி அங்கதான் சார் இருக்கா."

"அவளை ஒண்ணும் பண்ணமாட்டார். நல்ல மனுஷர்."

பக்கத்து மேஜையில் ஸ்நேஹா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சித்தார்த்தனின் இடத்துக்கு எடுத்த பெண். படிப்பை முடித்து நேராக இங்கே வந்தவள்.

"முதல்ல என்னன்னு கண்டுபிடிக்கறேன் சார்," என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, "சாப்பிட்டியா? கீழே ஆத்துல தளிகை ஆயிடுத்து, போய்ச் சாப்பிடு," என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

வேலையை வரிசையாகச் செய்வது என் வழக்கம். நிரல் விழும்போது ஏன் விழுந்தது என்று தன் பதிவின் கடைசி வரியில் எழுதிவைத்துவிட்டுத்தான் விழும். ஆனால் மறுபடி ஓட்டும் கட்டளை, பழைய பதிவை அழித்துவிட்டுத் தொடங்கும்படி எப்போதோ அமைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இடம் மிச்சமாகட்டும் என்று செய்தது. ஜெயபாரதி ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் அதை எழுப்ப, எழுப்பும் கையாலேயே காரணமும் அழிந்துபோய்க்கொண்டிருந்தது. அழிக்கும் அந்த வரியை முதலில் எடுத்தேன். அடுத்து, விழும் நேரத்தில் கடையில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே போய் உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணா, நீ வந்தா மட்டும் நல்ல புள்ளையாட்டம் ஓடிக்கினு கீது," என்றாள் ஜெயபாரதி.

"நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. நான் இரண்டாம் மாடியில இருக்கேன்."

"மேல நூர் பாய் இருப்பாரு. வாயக் குடுக்காத. பொடவ வித்துருவாரு."

இரண்டாம் மாடி முகூர்த்தப் பட்டுக்கானது. வெள்ளை விரிப்பின்மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பக்கம், நடுவே புடவை மலை. நூர் முஹம்மது புடவையை விசிறிப் பிரித்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டினார். புடவைகள் தேர்வாகி ஓரமாக ஒதுங்கின. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜூஸ் வந்தது, குடித்தார்கள். பேசினார்கள். தேர்ந்தெடுத்த புடவையை மடியில் வைத்தபடியே கைபேசியைப் பார்த்தார்கள். பில் கவுண்டரில் ஈ காக்கை இல்லை.

"எல்லாரும் எடுத்து முடிச்ச மாதிரிதானே இருக்கு? ஏன் பில் போடலை?" என்று நூர் முஹம்மதிடம் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்த ஊரு சார்? இன்னிக்கு வெள்ளி. பத்தரை பன்னெண்டு ராகு காலம். முகூர்த்தப் பொடவைக்கு இப்ப பில் போடச் சொன்னா பொண்ணோட அத்தை என்னய இந்த மாடியிலேர்ந்தே தள்ளிவுட்டுரும்."

"எல்லாக் கிழமையும் உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா இதே விரிப்புல நிக்கறேன். என் பொண்ணு நிக்காஹுக்கு ஜவுளி எடுக்கறப்பகூட கழுத்து தானா கடிகாரத்துப் பக்கம் திரும்புது சார். வூட்ல அவங்கம்மா திட்டுது."

பன்னிரண்டு அடித்ததும் விரிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. மணி அடித்துப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. கவுண்டரில் நெருக்கியடித்தார்கள். முதலில் போனது ஒரு தனி வீட்டுப் பில், போயிற்று. அடுத்து இரண்டு பெரியவர்கள், சம்பந்திகள், ஆளுக்கொரு போன் எண்ணைச் சொன்னார்கள். கவுண்டர் பெண் இரண்டையும் அடித்தாள். முகூர்த்தப் புடவைக்கான பில்லைத் தொடங்கி, மற்ற மாடிகளிலும் எடுக்க வேண்டும் என்பதால் 'நிறுத்திவை' பொத்தானை அழுத்தினாள்.

திரை வெளுத்தது.

"மெஷின் தண்ணி குடிக்கப் போயிருக்கு, ஒரு நிமிஷம் சார்," என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள். மாடிப்படியில் ஜெயபாரதி ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது.

இந்த முறை கடைசி வரி அழியாமல் இருந்தது. அதைப் படித்தேன். கீயாக வைக்க முடியாத ஒன்றைக் கீயாக வைக்கப் பார்த்ததாக அது சொன்னது.

கல்யாண ஜவுளி ஒரே மூச்சில் எடுத்து முடிகிற காரியமில்லை. ஒரு மாடியில் பில்லைத் தொடங்கி, நிறுத்திவைத்து, அடுத்த மாடியில் தொடர்வார்கள். நிறுத்திவைத்த பில்களை மென்பொருள், தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் பலகை போன்ற ஓர் அறைவரிசையில் போட்டுவைக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டைத்தான் எங்கள் தொழிலில் கீ என்கிறோம். கம்ப்யூட்டர் அறை அறையாகத் தேடிக்கொண்டிருக்காது. சீட்டை அரைத்து ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள இடத்துக்கு நேராகப் போய்விடும்.

சீட்டு இன்ன வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று சித்தார்த்தன் எழுதவில்லை. 'நீ யார்' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த எதுவும் சீட்டாகலாம் என்று எழுதியிருந்தான். பொருளின் வகையைச் சொல்லாமல் அது என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வது. இதற்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். அவன் அப்படிச் செய்ததற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணாச்சி முதலில் போன் எண் போதும் என்றார். பிறகு கடையின் அட்டை எண்ணும் வேண்டும் என்றார். பிறகு போன் இல்லாத பழைய வாடிக்கையாளருக்கு ஊர்ப் பேரும் அப்பா பேரும் வைத்துத் தேட வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கட்டி அலுத்துப்போய், யார் வந்தாலும் ஏற்கும்படி திறந்துவிட்டான். அந்த வரிக்கு மேலே அவன் கைக்குறிப்பு இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்: 'யாரா இருந்தாலும் உள்ள வரட்டும்.'

அதைப் படித்தபோது ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனேன்.

அவன் இருந்தவரை உள்ளே வந்தவை எல்லாம் அரைக்கக்கூடியவை. இரண்டு வீட்டுப் பில் என்பது அவன் போனபிறகு வந்தது. கல்யாணத்துக்கு எடுத்தால் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டின் கணக்கிலும் அன்பளிப்புப் புள்ளி ஏற வேண்டும் என்று அண்ணாச்சி ஆடி முதல் வாரம் கேட்டார். ஸ்நேஹா இரண்டு எண்களையும் ஒரு பட்டியலாகக் கட்டி அதையே சீட்டாக்கினாள். பட்டியலுக்கும் 'நீ யார்' என்றால் பதில் சொல்லத் தெரியும்; ஆகவே வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் பட்டியல் நீளும், குறையும். நிலையில்லாத அதை அரைத்து எண்ணாக்க அந்த மொழிக்கு வழி கிடையாது. அது எழுதும்போது தெரியாது, ஓடும்போதுதான் தெரியும். தெரிந்த கணம் மொத்த நிரலும் விழுந்துவிடும். ஆடியில் யாரும் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதில்லை. அதனால் அந்தப் பிழை மாதம் முழுவதும் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்து, ஆவணியில் எழுந்தது.

ஸ்நேஹாவுக்குப் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே பயந்திருந்தாள்.

"சார், தாய்மாமா ஆத்துலேர்ந்தும் சேர்ந்து வாங்குவாளே, மூணாவது நம்பர் வந்தா என்ன பண்றதுன்னுதான் லிஸ்ட்டா வெச்சேன். பில் போட்டுப் பாத்தேன், பிரிண்ட் எடுத்துப் பாத்தேன். நிறுத்திவெச்சு மட்டும் பாக்கலை."

"யார் சரிபார்த்தது?"

"சுந்தரராமன் சார். சின்ன விஷயம், போட்டுடுன்னார்." பிறகு, "என் பேரை எழுதிடுவேளா?" என்று கேட்டாள்.

"தெரியலை," என்றேன். அது உண்மை.

மதியம், ஊழியர் படிக்கட்டின் திருப்பத்தில் ஜெயபாரதி டிபன் பாக்ஸைத் திறந்தாள். நான் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன். கீழே தெருவில் பை விற்கிறவன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தான்.

"கண்டுபுடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சாச்சு."

"இன்னா அது? சித்து எழுதுனதா?"

என்ன சொல்வது என்று முன்பே யோசித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அறைகள், சீட்டு, அவன் திறந்துவிட்டது, பட்டியல் உள்ளே வந்தது, சுந்தரராமன் சரி என்று போட்டது, அவர் எந்தப் பெயரை எழுதச் சொன்னார் என்பது. அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். கைக்குறிப்பைச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"இன்னா எழுதியிருந்துச்சு?"

"யாரா இருந்தாலும் உள்ள வரட்டும்னு."

அவள் மூக்கால் ஒரு சத்தம் செய்தாள். "வூட்லயும் அப்டித்தான். தொறந்தா மூடவே மூடாது. பீரோ, ஃப்ரிட்ஜு, பேஸ்ட்டு மூடி. வெளி கேட்ட தொறந்து வுட்டுட்டுப் போய்டும், தெருநாய் வந்து படில படுத்துக்கினு கெடக்கும். கேட்டா, அதுவும் ஒரு ஜீவன்தானே, இருந்துட்டுப் போவட்டுன்னும். கத்திக் கத்தி என் தொண்ட போச்சு."

அவள் இன்னொரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"நீ இன்னா எழுதப்போற?"

"அவன் பேர் வராம எழுதப் பாக்கறேன். உனக்கு இங்க..."

"எனக்கோசரமா?" அவள் டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி மூடினாள். "ண்ணா, ஒண்ணு சொல்றேன் கேளு. அது செத்ததுலேர்ந்து அல்லாரும் அத சாமியாக்கிட்டாங்க. ஒரு பிசிறு இல்ல, ஒரு கொற இல்ல, தங்கம், வைரம். எங்க மாமியாகூட சொல்லுது, எம்புள்ள ஒரு நாள் எதுத்துப் பேசல்லன்னு. தெனிக்கும் சண்ட போட்ட புள்ள! கேட்டுக் கேட்டு எனக்கே மறந்துரும் போல கீது, நான் யார்கூட குடும்பம் நடத்துனேன்னு. கதவ மூடாத ஆளுகூடத்தான் நடத்துனேன். நீ எழுது. அதுதான் தொறந்து வுட்டுச்சுன்னு எழுது."

"அண்ணாச்சி உன்னை அனுப்பிட்டா?"

"அனுப்புனா போறேன். பிசிறில்லாத ஆளோட பொண்டாட்டின்னு இங்க குந்திக்கினு இருக்கறது எனக்கு அந்த நாற்காலி குத்துது." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "ஆனா அது மட்டுந்தான்னு எழுதாத. அது பொய்யி. பொய்யி எழுதுனன்னு வெய்யி, நான் உன்ன சும்மா வுடமாட்டேன்."

அன்று மாலைக்குள் திருத்தம் செய்தேன். எத்தனை வீட்டு எண் வந்தாலும் சிறியது முதல் பெரியது வரை அடுக்கி, ஒரே வரியாக ஒட்டி, அந்த வரியைச் சீட்டாக்கினேன். அடுக்காவிட்டால் ஒரு மாடியில் பெண் வீட்டு எண்ணை முதலில் சொல்லி, இன்னொரு மாடியில் மாப்பிள்ளை வீட்டு எண்ணை முதலில் சொன்னால் ஒரே கல்யாணம் இரண்டு அறைக்குள் போய்விடும். பிறகு வாசலைச் சுருக்கினேன். இனி சீட்டு என்றால் ஒரு வரி எழுத்துதான். வேறு எதைக் கொண்டுவந்தாலும் எழுதும்போதே மொழி தடுத்துவிடும். அந்தக் கைக்குறிப்பு இனி உண்மை இல்லை என்பதால் அதையும் அழிக்க வேண்டியிருந்தது. அழித்தேன். பழைய பிரதிகளில் அது இருக்கும். யாராவது தேடினால் கிடைக்கும்.

அண்ணாச்சிக்கு எழுதியது சிறிய கடிதம். பில் அறைகளின் சீட்டுக்குக் கட்டுப்பாடு வைக்காமல் திறந்துவிட்டது சித்தார்த்தன் என்றும், அந்த வழியாகப் பொருந்தாத ஒன்றைச் சேர்த்தது ஸ்நேஹா என்றும், அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டது சுந்தரராமன் என்றும், இந்த மூன்றில் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் மெஷின் நின்றிருக்காது என்றும் எழுதினேன். முறைப்படி முதலில் சுந்தரராமனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஒரு பேர் கேட்டா நீ மூணு பேர் எழுதியிருக்கே."

"மூணு பேர் செஞ்சது சார்."

"என் பேர் எதுக்குடா?"

"நீங்கதானே சார் பாத்தேள்னு ஸ்நேஹா சொல்றா." என்னை அறியாமல் அவர் பேச்சு என் வாயில் வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

போனில், கீழே அவர் வீட்டில் குக்கர் கூவுவது கேட்டது.

"அந்தப் பொண்ணு பேரை எடுத்துடு. வந்து மூணு மாசம் ஆகலை. எங்க ஆபீஸ்னு போடு."

"சரி சார்."

"மத்தது இருக்கட்டும்." போனை வைக்கப்போனவர் மறுபடி கேட்டார்: "சித்து பேரும் இருக்கட்டும்னா சொல்றா ஜெயபாரதி?"

"ஆமா சார்."

"சரி, அனுப்பிடு," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணாச்சி கடிதத்தை நின்றபடியே படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டி, மறுபடி படித்தார். நான் மேஜைமேல் இருந்த முருகன் படத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்க வேண்டிய நேரம் என்று தெரிந்தது, பயம் வரவில்லை.

"ஜெயபாரதியக் கூப்பிடு," என்றார் யாரிடமோ.

அவள் வந்து கதவருகே நின்றாள்.

"ஏம்மா, ஒன் வீட்டுக்காரன் கதவத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டானாமே?"

"ஆமா அண்ணாச்சி. வூட்லயும் அப்டித்தான்."

அண்ணாச்சி அவளையே பார்த்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் அழுவாள் என்று ஆயத்தமாக இருந்திருப்பார்.

"அவன் கை பட்டது ஒண்ணும் இங்க இருக்கப்படாதுன்னு சொன்னேனே, ஒன் காதுல விழுந்துச்சா?"

"வுழுந்துச்சு. கதவு தொறந்துதான் இருந்துச்சு."

நூர் முஹம்மதாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஊர்ப் பேரும் அப்பன் பேரும் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னது நாந்தான். அத இந்தத் தம்பி எழுதல." என் பக்கம் திரும்பினார். "இப்பப் பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சுங்க அண்ணாச்சி."

அவளிடம் திரும்பினார். "ஏய் பிள்ள, இனிமே புதுசா எதச் சேத்தாலும், நிறுத்திவச்சு எடுத்து நீ பாத்துச் சரின்னு சொன்ன பொறவுதான் மாடிக்கு ஏறணும். சுந்தரராமன்ட்ட சொல்லிருதேன். அவரு பாத்த லட்சணம் தெரிஞ்சிட்டு." பிறகு, வேறு யாரையோ அதட்டுகிற குரலில், "போ, போயி வேலயப் பாரு," என்றார்.

அவள் போனாள். போகும்போது கதவை இழுத்துச் சாத்தினாள்.

அடுத்த முகூர்த்தக் கூட்டம் புதன்கிழமை வந்தது. அன்று ராகு காலம் முடிய ஒன்றரை ஆகும். நான் இரண்டாம் மாடியில், கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். ஜெயபாரதியும் மேலே வந்திருந்தாள். நூர் முஹம்மது கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டியதும் விரிப்பு எழுந்தது. முதலில் வந்தவர்களே இரண்டு வீட்டார். பெண்ணின் அப்பா எண்ணைச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், ஜிப்பா போட்டவர், தன் எண்ணைச் சொன்னார். கவுண்டர் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு 'நிறுத்திவை'யை அழுத்தினாள்.

திரை வெளுக்கவில்லை. சின்னதாக ஒரு துண்டுச் சீட்டு அச்சாகி வந்தது.

பெரியப்பா அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "என்னம்மா இது? பொண்ணு வீடு மேல இருக்கு, நாங்க கீழ இருக்கோம்?"

கவுண்டர் பெண் விழித்தாள். ஜெயபாரதி முன்னால் போனாள்.

"மெஷினுக்கு மாப்ள வூடு, பொண்ணு வூடுல்லாம் தெரியாது சார். எது சின்ன நம்பரோ அது மொதல்ல."

"அதெப்படி? முறைன்னு ஒண்ணு இல்லையா?"

"இல்லாட்டி ரெண்டு வூடும் தனித்தனியா பூடும் சார். பரவால்லியா?"

அவர் யோசித்தார். பெண்ணின் அப்பா சங்கடமாகச் சிரித்து, "பரவாயில்லை சம்பந்தி, என்னுதைக் கீழ போட்டுக்கட்டும்," என்றார். பெரியப்பா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். ஜிப்பாவின் பக்கப் பையில் கைவிட்டு இன்னொரு கைபேசியை எடுத்தார்.

"என்கிட்ட இன்னொரு நம்பர் இருக்கு. அறுபத்து மூணுல ஆரம்பிக்கும். அதைப் போடும்மா."

கவுண்டர் பெண் ஜெயபாரதியைப் பார்த்தாள். ஜெயபாரதி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பங்குனிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதை சித்துவிடம் சொல்ல வேண்டும் என்று கை சட்டைப் பைக்குப் போனது. கைபேசியை எடுத்துவிட்டேன். அது என் கையில் கொஞ்சம் சூடாக இருந்தது. கையில் பட்டது, பல மாதத்துக்குப் பிறகு, பட்டதாகவே தோன்றியது.

"போடு," என்றாள் ஜெயபாரதி கவுண்டர் பெண்ணிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அறுபத்து மூணு. போட்டு நிறுத்திவெச்சுப் பாரு."